புரதம் இருக்கிறது, வேலை நடக்கவில்லை: ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"நொதி செத்துவிட்டது" என்று குப்பைக்குப் போகும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் (சூப்பராக்சைடை உடைக்கும் நொதி, இனி எஸ்ஓடி), கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதி) மாதிரிகளில் பல உண்மையில் சாகவே இல்லை. அளவீடு தப்பாக இருக்கும். இல்லையென்றால் புரதம் நன்றாக மடிந்து, உள்ளே இருக்க வேண்டிய செம்போ ஹீமோ (இரும்பு தாங்கிய நிறமித் தொகுதி) இல்லாமல் வெறுங்கூடாக நிற்கும். மடிப்பே குலைந்துபோவது கடைசிச் சந்தேகமாகத்தான் வர வேண்டும்.

அதனால் எந்த அறிகுறிக்கும் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் அளவீடு, பிறகு உலோகம், பிறகு துணையலகுகள் (நொதியில் ஒன்றுசேரும் தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) சேர்ந்திருக்கின்றனவா என்பது, கடைசியில் மடிப்பு. செலவும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை மூன்று: கடையில் வாங்கிய மாட்டு எஸ்ஓடி அல்லது மாட்டுக் கல்லீரல் கேட்டலேஸ் (இதுவே ஒப்பீட்டு நொதி), குவார்ட்ஸ் குவெட் (ஒளி உறிஞ்சலை அளக்கக் கரைசல் ஊற்றும் சிறு பாத்திரம்), அன்றைக்கு நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒப்பீட்டு நொதி இல்லாமல் பிழை தேடுவது இருட்டில் சாவி தேடுவதுதான்.

## அறிகுறி 1: ஒப்பீட்டு நொதியே ஓடவில்லை

கடையில் வாங்கிய நொதியும் ஓடவில்லை என்றால் உங்கள் புரதத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. கீழே உள்ளதைப் பாருங்கள்.

கேட்டலேஸ், 240 நா.மீ. அளவீடு

குவெட் பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். சாதாரண பாலிஸ்டைரீன் குவெட் 240-இல் ஒளியை விழுங்கிவிடும். உறிஞ்சல் உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டு நகராது. கேலிக்குரிய தவறாகத் தோன்றலாம், ஆனால் அடிக்கடி நடப்பது இதுதான்.

அடுத்து பெராக்சைடு. 30 சதவீதக் கரைசல் ஏறக்குறைய 9.8 மோலார். அதை 1000 மடங்கு நீர்த்து, பிஎச் 7.0 உள்ள 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரை பிளாங்காக (ஒப்பிடும் வெற்றுக் கரைசலாக) வைத்துப் பார்த்தால் 240 நா.மீ.-இல் 0.43 அருகில் வர வேண்டும் (மோலார் உறிஞ்சல் 43.6). 0.3-க்குக் கீழே வந்தால் பாட்டில் பழசு. எண்ணிக்கையைச் சரிசெய்து ஒப்பேற்ற வேண்டாம். புதுப் பாட்டில் திறங்கள்.

குவெட்டில் குமிழி வருகிறதா? அப்படியானால் நொதி அதிகம். வெளிவரும் ஆக்சிஜன்தான் அந்தக் குமிழி. ரீடிங் பல் பல்லாகக் குதிக்கும். நொதியை 10 மடங்கு நீர்த்துத் திரும்பப் போடுங்கள். உறிஞ்சல் 0.45-லிருந்து 0.40-க்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. 3 மி.லி. குவெட்டில் அந்த 0.05 இறக்கம் 3.45 மைக்ரோமோல் பெராக்சைடுக்குச் சமம். 30 நொடியில் இறங்கினால் 3.45-ஐ 0.5-ஆல் வகுங்கள்: குவெட்டில் 6.9 யூனிட் இருக்கிறது. 15 நொடிக்குக் குறைவாகவோ ஒரு நிமிடத்துக்கு மேலாகவோ ஆனால் நீர்ப்பை மாற்றுங்கள்.

எஸ்ஓடி, சைட்டோகுரோம் சி அளவீடு

இதில் எஸ்ஓடி எதையும் நேராகக் காட்டாது. சாந்தீன் ஆக்சிடேஸ் சூப்பராக்சைடை உண்டாக்கும், அது சைட்டோகுரோம் சி-யை ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்), எஸ்ஓடி குறுக்கே வந்து அதைத் தடுக்கும். ஆகவே எஸ்ஓடி இல்லாத ஓட்டம் முதலில் சரியாக வர வேண்டும்: பிஎச் 7.8, 50 மில்லிமோலார் பாஸ்பேட், 0.1 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்), 10 மைக்ரோமோலார் சைட்டோகுரோம் சி, 50 மைக்ரோமோலார் சாந்தீன், 25 டிகிரி. 550 நா.மீ.-இல் நிமிடத்துக்கு 0.025 ஏற்றம் வரும் அளவுக்கு சாந்தீன் ஆக்சிடேஸ் சேருங்கள்.

- ஏற்றமே இல்லை: சைட்டோகுரோம் ஏற்கனவே ஒடுங்கியிருக்கிறதா பாருங்கள். ஒரு சிட்டிகை டைதயோனைட் போட்டால் 10 மைக்ரோமோலாருக்கு 0.21 ஏற வேண்டும். ஏறாவிட்டால் சைட்டோகுரோம் பயனற்றது. ஏறினால் சாந்தீன் ஆக்சிடேஸ் பயனற்றது.
- சாந்தீன் ஆக்சிடேஸ் சேர்க்கும் முன்பே ஏற்றம்: உங்கள் மாதிரியில் அஸ்கார்பேட், டிடிடி, மெர்காப்டோஎத்தனால் ஏதோ ஒன்று இருக்கிறது. இவை சைட்டோகுரோமை நேராகவே ஒடுக்கும். டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்யுங்கள், அல்லது சிறு உப்புநீக்கும் காலத்தில் (column, பிரித்தெடுக்கும் குழாய்) ஓட்டுங்கள்.
- எதைப் போட்டாலும் தடுக்கிறது: மாதிரி சாந்தீன் ஆக்சிடேஸையே முடக்கியிருக்கலாம். 295 நா.மீ.-இல் யூரிக் அமிலம் உருவாகும் வேகத்தைப் பாருங்கள். அதுவும் குறைந்தால் உங்களுக்குக் கிடைத்தது எஸ்ஓடி செயல்திறன் அல்ல.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு புது ஒப்பீட்டு நொதிகள் ஓடவில்லை, விளக்கை மாற்றியும் பிளாங்க் ஆடுகிறது என்றால் கருவிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். டியூட்டீரியம் விளக்கு பலவீனமானால் 240-இல்தான் முதலில் தெரியும். 550-இல் எல்லாம் சரியாகவே ஓடும்.

## அறிகுறி 2: ஒப்பீட்டு நொதி ஓடுகிறது, என் புரதம் ஓடவில்லை

ஜெல்லில் ஒரே பட்டை, செறிவு நன்றாக இருக்கிறது, செயல்திறன் மட்டும் பூஜ்யம் அல்லது பத்தில் ஒரு பங்கு. இங்கேதான் நேரம் அதிகம் போகும். உங்களுடையது எந்த நொதி என்பதைப் பொறுத்துக் கிளை பிரியும்.

### 2அ. செம்பு-துத்தநாக எஸ்ஓடி

ஒவ்வொரு துணையலகிலும் ஒரு செம்பு, ஒரு துத்தநாகம், இரண்டு துணையலகுகள். வேலையைச் செய்வது செம்பு, வீட்டைத் தாங்குவது துத்தநாகம். இரண்டையும் இணைக்கும் பாலமாக ஒரே ஹிஸ்டிடின் (மனித நொதியில் 63-ஆவது) நிற்கிறது.

ஈ.கோலை பாக்டீரியாவில் மனித எஸ்ஓடி-யை உற்பத்தி செய்தால் புரதம் ஏராளமாக வரும், செம்பு மட்டும் போதாமல் போகும். முதலில் கண்ணால் பாருங்கள். மி.லி.-க்கு 10 மி.கி. செறிவில் முழுச் செம்பு ஏறிய எஸ்ஓடி நீலப்பச்சையாகத் தெரியும், 680 நா.மீ.-இல் உறிஞ்சல் ஏறத்தாழ 0.09. உங்கள் கரைசல் தண்ணீர் மாதிரி நிறமற்று இருந்தால் செம்பு ஏறவில்லை. காசே செலவில்லாத சோதனை இது, ஆனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

அளந்து பார்க்க:

1. புரதத்தை 6 மோலார் குவானிடினில் குலையுங்கள்.
2. பிஏஆர் சாயம் சேர்த்து 500 நா.மீ.-இல் மொத்த உலோகத்தைப் பாருங்கள். செம்பும் துத்தநாகமும் சேர்ந்து தெரியும்.
3. இன்னொரு பங்கில் அஸ்கார்பேட்டோடு பாத்தோகுப்ரோயின் டைசல்போனேட் சேர்த்து 483 நா.மீ.-இல் செம்பை மட்டும் பாருங்கள். அளவுக்கோடு அதே குவானிடின் கரைசலில்தான் போட வேண்டும்.

துணையலகுக்குச் செம்பு 0.2, துத்தநாகம் 1.5 என்று வந்தால் செம்பின் இடத்திலும் துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. புரதம் உறுதியாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. ஜெல்லையும் உருகுநிலையையும் (மடிப்பு குலையும் வெப்பநிலை) மட்டும் பார்ப்பவரை ஏமாற்றுவது இந்த நிலைதான்.

சரிசெய்வது, எளிதிலிருந்து கடினத்துக்கு:

- அடுத்த வளர்ப்பில், தூண்டும் (புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும்) நேரத்தில் செம்பு, துத்தநாக சல்பேட்டுகளைச் சேர்த்து (0.1 முதல் 0.5 மில்லிமோலார் வரை) வெப்பத்தை 25 டிகிரிக்கு இறக்குங்கள்.
- கையில் உள்ள புரதத்தைக் காப்பாற்ற: பிஎச் 3.8 அசிடேட்டில் இடிடிஏ-வுக்கு எதிராக டயாலிசிஸ் செய்து உலோகத்தை முழுக்க இறக்குங்கள். இடிடிஏ-வையும் அகற்றியபின் பிஎச் 5.5 அசிடேட்டுக்கு மாற்றி, முதலில் துத்தநாகம், பிறகு செம்பு. துணையலகுக்கு ஒன்றுக்கு ஒன்று, சொட்டுச் சொட்டாக. 4 டிகிரியில் ஒரு இரவு. வரிசையை மாற்றினால் செம்பு துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்காரும்.
- செம்பைக் கொண்டுபோய் வைக்கும் துணைப்புரதமான சிசிஎஸ்-ஐச் சேர்த்து உற்பத்தி செய்வது. குளோனிங் வேலை; ஆனால் திரும்பத் திரும்ப இந்தப் புரதம் தேவையென்றால் இதுவே கடைசியில் மலிவு.

ஹிஸ் குறியொட்டு (பிரித்தெடுக்க ஒட்டிய ஹிஸ்டிடின் வால்) உள்ள புரதமா? நிக்கல் காலத்திலிருந்து நிக்கல் கசிந்து வரும், இமிடசோல் மிச்சம் நிற்கும். குறியொட்டே செம்பைப் பிடித்துக்கொண்டு பிஏஆர் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டும். குறியொட்டை வெட்டிவிட்டு அளக்காத உலோக எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

உலோகமும் சரியாக இருந்து செயல்திறன் பாதிதான் என்றால் அளவீட்டுப் பஃபரில் உப்பைப் பாருங்கள். செயல்மையத்துக்குப் போகும் வாய்க்காலில் ஆர்ஜினின் (மனிதரில் 143) உள்ளிட்ட நேர்மின் பக்கங்கள் சூப்பராக்சைடை இழுத்து உள்ளே விடுகின்றன. உப்பு கூடினால் அந்த இழுவிசை மங்கும், வேகம் குறையும். காலத்திலிருந்து 500 மில்லிமோலார் சோடியம் குளோரைடோடு வந்த பின்னத்தை (சேகரித்த பங்கை) அப்படியே குவெட்டில் ஊற்றுவது இதற்கு வழக்கமான காரணம்.

### 2ஆ. மாங்கனீசு எஸ்ஓடி

இரும்பு எஸ்ஓடி-யும் மாங்கனீசு எஸ்ஓடி-யும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் மாங்கனீசு நொதியை ஈ.கோலையில் அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் இரும்பு உள்ளே ஏறிக்கொள்ளும். அமைப்பு அப்படியே இருக்கும், வேலை நடக்காது. நிறம் பாருங்கள்: மாங்கனீசு ஏறியது இளஞ்சிவப்பு-ஊதா, 480 நா.மீ. பக்கம் ஒரு மேடு. இரும்பு ஏறியது மஞ்சள் கலந்த பழுப்பு. வளர்ப்பூடகத்தில் 0.5 முதல் 1 மில்லிமோலார் மாங்கனீசு சேர்த்து மறுபடி வளர்ப்பதே எளிய வழி. தவறான உலோகத்தைப் பின்னால் மாற்றுவது கடினம். மடிந்த கூட்டைக் குவானிடினால் பிரிக்காமல் உலோகம் வெளியே வராது.

### 2இ. கேட்டலேஸ்

நான்கு துணையலகு, நான்கு ஹீம், மொத்தம் சுமார் 240 கிலோடால்டன். ஒரே ஸ்கேன் போதும்: 250 முதல் 700 நா.மீ. வரை ஓட்டி, 405 உறிஞ்சலை 280 உறிஞ்சலால் வகுங்கள். நல்ல மாட்டுக் கல்லீரல் கேட்டலேஸில் விகிதம் 1-ஐ ஒட்டி வரும். 0.3 என்றால் உங்கள் கூடுகளில் பெரும்பாலானவை காலி, அல்லது வேறு புரதம் கலந்திருக்கிறது. ஜெல் எது என்று சொல்லிவிடும்.

ஹீம் போதாமைக்கு, தூண்டும்போது டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் 0.5 மில்லிமோலார் சேருங்கள், வெப்பத்தைக் குறையுங்கள், குலுக்கலையும் குறையுங்கள். புரதம் மெதுவாக வந்தால் ஹீம் தயாரிப்பு கூடவே ஓடிவர முடியும். தயாரான புரதத்தில் பின்னால் ஹீமைத் திணிப்பது கேட்டலேஸில் பலன் தராது. ஹீம் நான்கு துணையலகுகளும் பின்னிய உட்புறத்தில் ஆழமாகப் புதைந்திருக்கிறது.

விகிதம் சரி, ஆனாலும் ஓடவில்லையா? பஃபரில் சோடியம் அசைடு தேடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் 0.02 சதவீதம் என்பது 3 மில்லிமோலார். 100 மடங்கு நீர்த்தாலும் 30 மைக்ரோமோலார் மிஞ்சும். பெராக்சைடு இருக்கும்போது கேட்டலேஸின் வேகத்தைக் குறைக்க அது போதும். டயாலிசிஸ் செய்தால் செயல்திறன் திரும்பும். அசைடு உள்ள கழிவைச் செம்பு, ஈயக் குழாய் உள்ள தொட்டியில் கொட்ட வேண்டாம், அது வெடிக்கும் உப்பாகும்.

### 2ஈ. குளுட்டதயோன் பெராக்சிடேஸ்

பாலூட்டி மரபணுவைச் சாதாரண ஈ.கோலையில் போட்டிருந்தால் தேடவே வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் செலினோசிஸ்டீன் இருக்க வேண்டும். அதற்கான குறியீடு யுஜிஏ. பாக்டீரியா அதை நிறுத்தற்குறி என்று படித்துப் பாதியில் வெட்டிவிடும். அந்த இடத்தைச் சிஸ்டீனாக மாற்றியிருந்தால் முழுப் புரதம் வரும், வேகம் பல நூறு மடங்கு குறையும். பஃபரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. இயற்கை மூலத்திலிருந்து பிரித்தெடுங்கள், அல்லது செலினோசிஸ்டீன் சேர்க்கும் உற்பத்தி முறை வைத்திருக்கும் ஆய்வகத்தை அணுகுங்கள்.

எப்போது வெளியே அனுப்புவது: பிஏஆர் எண்ணிக்கை இரண்டு முறை ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது, அல்லது நிக்கல், இரும்பு என வேறு உலோகம் மீது சந்தேகம் வரும்போது ஐசிபி-எம்எஸ் (உலோகங்களைத் தனித்தனியே அளக்கும் நிறை நிறமாலை முறை) ஆய்வகத்துக்கு. நைட்ரிக் அமிலத்தில் கழுவிய குழாயில் அனுப்புங்கள். கடைசி டயாலிசிஸ் பஃபரையும் தனிக் குழாயில் கூடவே அனுப்ப வேண்டும். அந்த பிளாங்க் இல்லாமல் வரும் அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

## அறிகுறி 3: கொதிக்க வைத்த பிளாங்கிலும் எஸ்ஓடி செயல்திறன் தெரிகிறது

பலர் இங்கே தங்கள் அளவீட்டையே சந்தேகிக்கிறார்கள். சந்தேகிக்க வேண்டியது பிளாங்கை.

செம்பு-துத்தநாக எஸ்ஓடி மிகக் கெட்டியானது. எட்டு பீட்டா இழைகள் பீப்பாயாகச் சுருண்டு, உள்ளே ஒரு டைசல்பைடு (மனிதரில் 57-146), இரண்டு உலோகங்கள், வெளியே இறுகிய இரட்டைச் சேர்க்கை. உலோகம் முழுதாக இருந்தால் உருகுநிலை 85 டிகிரிக்கு மேல். 70 டிகிரியில் ஐந்து நிமிடம் வைப்பது அதற்கு ஒன்றுமே இல்லை. 8 மோலார் யூரியாவிலும் வேலை செய்யும்.

- எளியது: வெப்பத்தால் பிளாங்க் செய்வதை விட்டுவிடுங்கள். 1 முதல் 2 மில்லிமோலார் சயனைடு செம்பு-துத்தநாக நொதியை முடக்கும். மாங்கனீசு, இரும்பு நொதிகள் தப்பிக்கும். புகைப்பெட்டிக்குள் மட்டும், அமிலம் பக்கத்தில் இல்லாமல். சயனைடு வேண்டாமென்றால் டைஎத்தில் டைதயோகார்பமேட்டால் செம்பை உருவி, அதையும் டயாலிசிஸில் அகற்றிவிட்டு அளங்கள்.
- அடுத்தது: நொதியே இல்லாமல் வரும் செயல்திறன். கட்டற்ற செம்பு அயனி சூப்பராக்சைடைத் தானே உடைக்கும். அளவீட்டில் 0.1 மில்லிமோலார் இடிடிஏ இருக்கிறதா என்று பாருங்கள். இடிடிஏ போட்டதும் மறைந்தால் அது வெறும் செம்பு. நிலைத்தால் புரதத்துக்குள் இருக்கும் செம்பு. மடிந்த நொதியிலிருந்து நடுநிலை பிஎச்-இல் இடிடிஏ உலோகத்தை எளிதில் பிடுங்காது. உலோகம் ஏற்றும் வேலையை முடித்த மறுநாள் செயல்திறன் "அபாரமாக" வந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் எழுதிவைக்க வேண்டாம்.
- திசுச்சாறில் எந்த எஸ்ஓடி என்று பிரிக்க: இயல்நிலை ஜெல் (புரதத்தைக் குலைக்காமல் ஓட்டுவது), என்பிடி-ரைபோபிளேவின் நிறமேற்றல், மூன்று துண்டுகள். ஒன்றுக்கு எதுவுமில்லை, ஒன்றுக்கு 2 மில்லிமோலார் சயனைடு, ஒன்றுக்கு 5 மில்லிமோலார் பெராக்சைடு. இரண்டிலும் தப்பிக்கும் பட்டை மாங்கனீசு. சயனைடில் தப்பி பெராக்சைடில் மறைந்தால் இரும்பு. இரண்டிலும் மறைந்தால் செம்பு-துத்தநாகம்.

## அறிகுறி 4: முதல் சில நொடி நன்றாக ஓடி, பிறகு படுத்துவிடுகிறது

கேட்டலேஸ்: பெராக்சைடு 0.1 மோலாருக்கு மேல் போனால் நொதி தன் சொந்தத் தீனியாலேயே சிதைகிறது. 10 மில்லிமோலாரில் நின்று, முதல் நிமிடத்தை மட்டும் எடுங்கள். பழைய திசுச்சாறில் வேகம் குறைந்தே தொடங்கினால், ஹீம் இடைநிலையில் மாட்டியிருக்கலாம், மி.லி.-க்கு 0.01 மி.லி. எத்தனால் சேர்த்துப் பனிக்கட்டியில் அரைமணி வைத்தால் விடுபடும்.

செம்பு-துத்தநாக எஸ்ஓடி: பெராக்சைடு இருந்தால் செம்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடினே ஆக்சிகரணம் ஆகிவிடும். பிஎச் கூடக் கூட வேகமாக நடக்கும். நீண்ட ஓட்டங்களில் சிறிது கேட்டலேஸ் சேர்த்துப் பாருங்கள். விழுவது நின்றால் காரணம் அதுவே. இப்படிச் சிதைந்தது திரும்பாது. செம்பு ஏற்றிப் பயனில்லை.

பெராக்சிரெடாக்சின்: பெராக்சைடைத் தாக்கும் சிஸ்டீன் அளவுக்கு மீறி ஆக்சிகரணம் ஆகி சல்பினிக் அமிலமாகிவிடும். டிடிடி அதை மீட்காது. சோதனை: ஒடுக்கி இல்லாத ஜெல்லில் டைசல்பைடு இரட்டைப் பட்டை மங்கி ஒற்றைப் பட்டை ஏறும், நிறை நிறமாலையில் 32 டால்டன் கூடியிருக்கும், 48 என்றால் சல்போனிக். பெராக்சைடை ஒரேயடியாக ஊற்றாமல் சிறு தவணைகளாகக் கொடுங்கள், தயோரெடாக்சின் போதுமான அளவு இருக்கட்டும். 32 மட்டும் கூடியிருந்தால் சல்பிரெடாக்சினும் ஏடிபி-யும் மக்னீசியமும் சேர்த்து மீட்கலாம்; 48 என்றால் புதிதாகத் தயாரிக்க வேண்டியதுதான். நிறை அளவைத்தான் வெளியே கொடுக்க வேண்டும், மற்றதெல்லாம் மேசையிலேயே முடியும்.

அஸ்கார்பேட் பெராக்சிடேஸ்: இலையை அரைத்து, மையவிலக்கில் சுற்றி, எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. பசுங்கணிக வகை அஸ்கார்பேட் இல்லாமல் அரை நிமிடம்கூடத் தாங்காது. அரைக்கும் பஃபரிலேயே 1 மில்லிமோலார் அஸ்கார்பேட் இருக்க வேண்டும், டயாலிசிஸ் பஃபரிலும் கூட. 290 நா.மீ.-இல் அளக்கும்போது (மில்லிமோலாருக்கு 2.8) சாறோடு வரும் அஸ்கார்பேட்டையும் கணக்கில் சேருங்கள்.

## அறிகுறி 5: நேற்று முழுதாக இருந்தது, உறைய வைத்து எடுத்தால் பாதி

முதலில் பஃபரின் பெயரைப் படியுங்கள். சோடியம் பாஸ்பேட் பிஎச் 7 உறையும்போது டைசோடியம் உப்பு தனியே படிகமாகி விழும். மிச்சமிருக்கும் திரவத்தின் பிஎச் 4 வரை இறங்கும். அந்த பிஎச்-இல் எஸ்ஓடி துத்தநாகத்தை விடத் தொடங்குகிறது, கேட்டலேஸின் நான்கும் பிரிகின்றன. உருகியபின் பிஎச் பார்த்தால் மறுபடி 7 காட்டும், தடயமே இருக்காது. பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு மாற்றுங்கள், அல்லது பாதிக்குப் பாதி கிளிசரால் சேர்த்து உறையாமல் கழித்தல் 20-இல் வையுங்கள்.

மாட்டுக் கல்லீரல் கேட்டலேஸ் படிகக் கலங்கலாக வந்திருந்தால் 2 முதல் 8 டிகிரிதான். உறைய வைக்கக் கூடாது.

உறைய வைக்கவே இல்லை, நீர்த்த குழாயில் மட்டும் விழுகிறது என்றால் புரதம் குழாய்ச்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மிக நீர்த்தால் நான்கின் சேர்க்கையும் தளரும். நீர்க்கும் பஃபரில் மி.லி.-க்கு 0.1 மி.கி. மாட்டு சீரம் ஆல்புமின் சேர்த்து, அளப்பதற்குச் சற்று முன் நீர்த்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

## அறிகுறி 6: தலைகீழ்: நம்ப முடியாத அளவுக்கு அதிகச் செயல்திறன்

பெரும்பாலும் வகுத்த எண் தப்பு. மாட்டு எஸ்ஓடி-யில் 280-இல் நன்றாக உறிஞ்சும் டிரிப்டோஃபேனே கிடையாது, துணையலகுக்கு ஒரே டைரோசின். "280-இல் 1 என்றால் 1 மி.கி." என்ற கைக்கணக்கு புரதத்தை மிகக் குறைவாகக் காட்டும், குறிப்புச் செயல்திறன் (மி.கி. புரதத்துக்கு யூனிட்) அதற்கேற்ப வீங்கும். 258 நா.மீ.-இல் 10,300 என்ற மோலார் உறிஞ்சலை (இரட்டைக்கு) எடுங்கள்: மி.லி.-க்கு 1 மி.கி. கரைசல் 0.32 தரும். மனித நொதியில் ஒரு டிரிப்டோஃபேன் உண்டு, டைரோசின் இல்லை; அதுவும் 280-க்கு நல்ல ஆள் அல்ல.

இன்னொன்று தடுப்பு சதவீதத்தை நேர்கோடாக நினைப்பது. 50 சதவீதம் 1 யூனிட் என்றால் 75 சதவீதம் 3 யூனிட், 90 சதவீதம் 9 யூனிட். பிளாங்க் வேகத்தை மாதிரி வேகத்தால் வகுத்து 1-ஐக் கழித்தால் யூனிட் வந்துவிடும்: பிளாங்க் 0.025, மாதிரி 0.010 என்றால் 1.5. தடுப்பு 30-க்கும் 70-க்கும் வெளியே போனால் நீர்ப்பை மாற்றி அளங்கள். 95-ஐ ஒட்டி ஒரு சின்ன ரீடிங் பிசகு யூனிட்டை இரட்டிப்பாக்கிவிடும்.

## அறிகுறி 7: அளவு தவறாக வருகிறது, அல்லது கரைசல் கலங்குகிறது

எஸ்டிஎஸ் ஜெல்லில் எஸ்ஓடி 16-க்குப் பதில் 32 பக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உலோகம் நிறைந்த இரட்டை எஸ்டிஎஸ்-ஐயும் தாங்கும். மெர்காப்டோஎத்தனாலோடு பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஜெல் வடிகட்டல் காலத்தில் கேட்டலேஸ் 240-க்குப் பதில் 120-இல் வந்தால் நான்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பின்னத்தின் செயல்திறனைத் தனியே அளங்கள், பிஎச்-ஐயும் உறைதல் வரலாற்றையும் பாருங்கள். பெராக்சிரெடாக்சின் இதற்கு விலக்கு. ஒடுங்கிய நிலையில் பத்துப்பேர் வளையமாகவும் டைசல்பைடு நிலையில் இரண்டிரண்டாகவும் திரிவது அதன் இயல்பு. எந்த நிலையில் காலத்தில் ஏற்றினீர்கள் என்று எழுதாமல் விட்ட உச்சியிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

கலங்கலுக்கு 350 நா.மீ. உறிஞ்சலை மணிக்கு ஒருமுறை குறியுங்கள். மனித எஸ்ஓடி-யில் 6, 111 ஆகிய இரு சிஸ்டீன்கள் கட்டற்றவை. 111 வெளிப்புறத்தில் இருப்பதால் பக்கத்து மூலக்கூறோடு கோத்துக்கொள்ளும். ஒடுக்கி இல்லாத ஜெல்லில் ஏணிப்படி மாதிரி பட்டைகள் தெரிந்தால் அதுதான். இங்கே கை டிடிடி பாட்டிலுக்குப் போகும்; நிறுத்துங்கள். உலோகம் குறைந்த புரதத்தில் டிடிடி 57-146 டைசல்பைடையும் திறந்துவிடும். அதன்பின் இரட்டையே தனித்தனியாகும், உருகுநிலை 40-களுக்கு விழும், கலங்கல் இன்னும் கூடும். முதலில் உலோகத்தை நிரப்புங்கள், பிறகு அயோடோஅசிட்டமைடால் கட்டற்ற சிஸ்டீனை மூடுங்கள். நிரந்தரத் தீர்வு 6-ஐ அலனினாகவும் 111-ஐ செரினாகவும் மாற்றிய வடிவம்.

ஏ4வி (4-ஆவது அலனின் வாலினாக), ஜி93ஏ (93-ஆவது கிளைசின் அலனினாக) போன்ற நோய்த்தொடர்புள்ள மாற்றங்களோடு வேலை செய்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஜி93ஏ செயல்திறனில் இயல்பு நொதியை ஒட்டியே ஓடும், உறுதியில்தான் குறை. ஏ4வி இரட்டைச் சேர்க்கை முகத்தைத் தளர்த்துகிறது. செயல்திறன் எண்ணை மட்டும் வைத்து "நலமாக இருக்கிறது" என்று எழுதினால் கலங்கும்போது காரணம் புரியாது.

## அறிகுறி 8: உருகல் வளைவே வரவில்லை

- மாட்டு எஸ்ஓடி, டிரிப்டோஃபேன் ஒளிர்வை நம்பும் கருவி: காட்ட டிரிப்டோஃபேன் இல்லை. கருவி பழுதில்லை.
- சைப்ரோ ஆரஞ்சு (குலைந்த புரதத்தில் ஒட்டி ஒளிரும் சாயம்), கேட்டலேஸ்: ஹீம் ஒளிர்வை விழுங்குகிறது. சாயத்தைக் கூட்டிப் பலனில்லை. 405 உறிஞ்சல் வெப்பத்தோடு இறங்குவதைத் தொடருங்கள்.
- சைப்ரோ ஆரஞ்சு, முழு உலோக எஸ்ஓடி: 95 டிகிரியில் கருவி நின்றுவிடும், உருகல் அதற்குள் முடிந்திருக்காது. அதே புரதத்தின் உலோகம் நீக்கிய பங்கைப் பக்கத்தில் ஓட்டுங்கள். 50-60 டிகிரியில் அழகாக ஒரு வளைவு வரும், கருவியும் சாயமும் சரியென்று தெரிந்துவிடும்.
- இரண்டு படிகளாக உருகுகிறது: பாதி உலோகம் ஏறிய கலவை. அறிகுறி 2அ-வுக்குத் திரும்புங்கள்.

முழு உலோக நொதியின் உருகுநிலை எண் கட்டாயம் வேண்டுமென்றால் டிஎஸ்சி (உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும்) கருவி உள்ள மையத்திடம் கொடுங்கள். அது அழுத்தத்தோடு 100 டிகிரியைத் தாண்டும். மி.லி.-க்கு 1 மி.கி.-க்குக் குறையாமல், கடைசி டயாலிசிஸ் பஃபர் குறைந்தது 50 மி.லி. சேர்த்து, டிடிடி இல்லாமல் அனுப்புங்கள். சூட்டில் டிடிடி ஆக்சிகரணம் ஆகி அடிக்கோட்டை ஆட்டிவிடும்.